கேட்ட விலை, எழுதிய விலை, கொடுத்த விலை: வீட்டுச் சந்தைத் தரவு பற்றிக் கேள்வி-பதில்

வீட்டுச் சந்தையைப் பொதுத் தரவு கொண்டு அலச முயலும் வாசகர்களின் கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: வீடு விற்பனை விளம்பரங்களை நான்கு மாதமாகத் தினமும் சேகரித்து எக்செல்லில் போட்டு வைத்திருக்கிறேன். மூவாயிரத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. இதை வைத்து நகரத்தின் வீட்டு விலையைக் கணக்கிடலாமா?

விற்பவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதைக் கணக்கிடலாம். விலை என்பது வாங்குபவரும் சம்மதித்த பிறகு வருவது. விளம்பரத்தில் இருப்பது பாதிப் பேச்சுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நியாயமான விலை சொன்ன வீடு ஒரு வாரத்தில் போய்விடும். அநியாயமாகச் சொன்னது மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். ஏதாவது ஒரு நாளில் பட்டியலை எடுத்துச் சராசரி போட்டால், விற்காமல் தேங்கிய வீடுகளின் குரல்தான் அதில் ஓங்கி ஒலிக்கும். ஒரே வீட்டை மூன்று தரகர்கள் மூன்று விலைக்குப் போட்டிருப்பதும் சகஜம். அதையும் களைய வேண்டும்.

ஆனால் நான்கு மாத உழைப்பை வீண் என்று சொல்லமாட்டேன். தினமும் சேகரித்ததால் பத்திரப் பதிவேட்டில் கிடைக்காத ஒன்று உங்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு விளம்பரமும் எந்த நாளில் முதலில் தெரிந்தது, எப்போது மறைந்தது, இடையில் எத்தனை முறை விலையைக் குறைத்தார்கள் என்று பாருங்கள். சந்தை தளரும்போது விலை உடனே இறங்குவதில்லை. முதலில் வீடுகள் விற்க நாளாகும், அப்புறம் விலைக் குறைப்புகள் கூடும், பதிவான விலையில் அது தெரிய மேலும் சில மாதம் பிடிக்கும். இருப்பில் உள்ள வீடுகளின் எண்ணிக்கையை ஒரு மாத விற்பனையால் வகுத்தால் எத்தனை மாதச் சரக்கு இருக்கிறது என்பது வரும். அமெரிக்கத் தரகர்கள் சுமார் ஆறு மாதச் சரக்கைச் சமநிலை என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அந்த ஆறை அப்படியே உங்கள் நகரத்துக்குப் பொருத்தாதீர்கள். எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைப் பார்த்தால் போதும்.

கேள்வி: பதிவுத் தரவுப்படி எங்கள் பகுதியில் சராசரி விலை நன்றாக ஏறியிருக்கிறது. ஆனால் தரகர்கள் எல்லோரும் விலை இறங்கிவிட்டது என்கிறார்கள். யாரை நம்புவது?

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

போன ஆண்டு 6 சின்ன வீடுகள் தலா 30க்கும், 4 பெரிய வீடுகள் தலா 80க்கும் விற்றன என்று வையுங்கள். அலகு எதுவாக இருந்தாலும் சரி. மொத்தம் 500, பத்து வீடு, சராசரி 50. இந்த ஆண்டு சின்ன வீடு 28க்கு இறங்கிவிட்டது, பெரிய வீடு 76க்கு இறங்கிவிட்டது. ஆனால் கடன் வட்டி ஏறியதால் சின்ன வீடு வாங்குபவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். விற்றது 2 சின்ன வீடு, 6 பெரிய வீடு. மொத்தம் 512, எட்டு வீடு, சராசரி 64. ஒவ்வொரு வீடும் விலை இறங்கியிருக்கிறது, சராசரியோ 28 விழுக்காடு ஏறியிருக்கிறது! இடைநிலை விலையை, அதாவது விலைகளை வரிசையாக அடுக்கினால் நடுவில் வருவதை, எடுத்தால் தப்பிக்கலாம் என்பார்கள். இங்கே அது 30லிருந்து 76க்குத் தாவுகிறது, இன்னும் மோசம்.

மாறியது விலையா, விற்ற வீடுகளின் கலவையா என்பதுதான் இங்கே கேள்வி. இதற்கு இரண்டு பழைய வழிகள் உண்டு. ஒன்று, அதே வீடு இரண்டு முறை விற்றதை மட்டும் ஜோடியாக எடுத்து ஒப்பிடுவது. பெய்லி, மூத், நோர்ஸ் என்ற மூவர் 1963ல் இந்த முறையை முன்வைத்தார்கள். கார்ல் கேஸும் ராபர்ட் ஷில்லரும் 1980களில் அதை வளர்த்தெடுத்தார்கள். அமெரிக்காவின் கேஸ்-ஷில்லர் குறியீடு அப்படி வந்ததுதான். அதில் 2000 ஜனவரியை 100 என்று வைத்திருக்கிறார்கள். மூன்று மாதச் சராசரி என்பதால் திருப்பங்கள் கொஞ்சம் மெதுவாகவே தெரியும். ஆறு மாதத்துக்குள் மறுபடி விற்ற வீடுகளைச் சேர்ப்பதில்லை. வாங்கிப் புதுப்பித்து உடனே கைமாற்றுபவர்கள் கணக்கைக் குலைத்துவிடுவார்கள் என்பது காரணம்.

இன்னொரு வழி, பரப்பு, வகை, இடம், வயது என்று வீட்டின் ஒவ்வொரு குணத்துக்கும் எவ்வளவு விலை என்று பிரித்துக் கணக்கிட்டு, குணங்களை நிலையாக வைத்துவிட்டு விலையை மட்டும் நகரவிடுவது. பிரிட்டனின் அதிகாரப்பூர்வ வீட்டு விலைக் குறியீடு இந்த வகை.

வீட்டில் உட்கார்ந்து செய்பவருக்கு மூன்றாவதாக ஒரு ஏழை வழி இருக்கிறது. வீடுகளை வகைவாரியாகப் பிரித்து ஒவ்வொரு வகைக்கும் தனியாக இடைநிலை எடுங்கள். அப்புறம் இரண்டு ஆண்டுக்கும் ஒரே விகிதத்தில் கலந்து ஒப்பிடுங்கள். மேலே உள்ள கணக்கில் 6:4 என்ற பழைய விகிதத்தையே வைத்தால் இந்த ஆண்டு 47.2 வரும். தரகர்கள் சொன்னது சரி.

கேள்வி: பத்திரத்தில் எழுதும் விலையே பொய் என்கிறார்கள். பிறகு அந்தத் தரவை வைத்து என்ன செய்வது?

முதலில், அதிகாரிகள் பத்திரத்தைப் பதிவது உரிமை மாறியதைக் குறிக்கவும் முத்திரைத் தீர்வை வசூலிக்கவும்தான். விலை ஆராய்ச்சி நாம் பின்னால் ஒட்டிக்கொண்ட வேலை. தீர்வையைக் குறைக்க விலையைக் குறைத்து எழுதும் பழக்கம் எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம் எண்ணும் அதற்கேற்பவே இருக்கும்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச மதிப்பு வெளியிடப்படும் இடமானால், ஒவ்வொரு பத்திரத்திலும் எழுதிய விலையை அந்த மதிப்பால் வகுத்துப் படம் வரையுங்கள். எண்கள் 0.9, 1.1, 1.4, 1.7 என்று பரவிக் கிடந்தால் அங்கே ஓரளவு உண்மை இருக்கிறது. எல்லாம் சரியாக 1ல் போய்க் குவிந்தால், நீங்கள் பார்ப்பது சந்தை விலை இல்லை, அரசாணையின் நிழல். அப்படிப்பட்ட தரவில் ஒரே மாதத்தில் விலை 20 விழுக்காடு தாவினால், சந்தை சூடாகிவிட்டது என்று எழுதும் முன் அந்த மாதம் அரசு மதிப்பைத் திருத்தியதா என்று பாருங்கள்.

எல்லோரும் எப்போதும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறைத்து எழுதினால், விலையின் உயரம் தவறாக இருந்தாலும் அது போகும் திசை சரியாகவே வரும். திசை மட்டும் போதும் என்றால் பயன்படுத்தலாம். வங்கிகள் கடன் கொடுக்கும் முன் செய்யும் மதிப்பீடு இன்னொரு துணை. இந்தியாவில் தேசிய வீட்டுவசதி வங்கி வெளியிடும் ரெசிடெக்ஸ் என்ற வீட்டு விலைக் குறியீடுகளில் ஒன்று அந்த மதிப்பீடுகளை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது.

சில இடங்களில் விலையே பொதுவில் கிடைக்காது. அமெரிக்காவில் டெக்சஸ், யூட்டா போன்ற மாநிலங்களில் விற்ற விலையை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நியூயார்க் நகரம் நேர்மாறாக எல்லாவற்றையும் வெளியிடுகிறது. ஆனால் அதில் விலை பூஜ்யம் என்று ஏராளமான வரிகள் இருக்கும். பெற்றோர் பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுத்தது போன்ற, பணம் கைமாறாத உரிமை மாற்றங்கள் அவை. நான் முதன்முதலாக அந்தக் கோப்பைத் திறந்தபோது பூஜ்யங்களையும் சேர்த்தே சராசரி எடுத்துவிட்டு, ஒரு பகுதி இவ்வளவு மலிவா என்று இரண்டு நாள் வியந்துகொண்டிருந்தேன்.

கேள்வி: கடைசி இரண்டு மாதத்தில் விற்பனை பாதியாகக் குறைந்திருக்கிறதே, சரிவு தொடங்கிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை, பதிவு இன்னும் வந்து சேரவில்லை என்றுதான் பொருள். விலை பேசி முடித்த நாள், பணம் கொடுத்து முடித்த நாள், பதிவேட்டில் ஏறிய நாள் மூன்றும் வேறு வேறு. மூன்று மாதம் கழித்து அதே கோப்பை மறுபடி இறக்கிப் பாருங்கள், பள்ளம் நிரம்பியிருக்கும். தேதிக்கு என்ன பொருள் என்பதும் நடுவில் மாறலாம். சிங்கப்பூரில் எச்டிபி என்ற அரசு வீட்டுவசதி வாரியம் கட்டிய வீடுகளின் மறுவிற்பனைத் தரவு 1990லிருந்து கிடைக்கிறது. அதில் 2012 மார்ச்சுக்கு முந்தையவை ஒப்புதல் தேதிப்படியும், பிந்தையவை பதிவுத் தேதிப்படியும் உள்ளன.

கேள்வி: நகரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் காலியாகக் கிடக்கின்றன என்கிறது புள்ளிவிவரம். அப்படியானால் வீட்டுப் பற்றாக்குறை என்பது கட்டுக்கதையா?

காலி என்ற சொல்லை உடைத்துப் பாருங்கள். ஜப்பான் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வீடு, நிலக் கணக்கெடுப்பு நடத்துகிறது. 2023ல் சுமார் 90 லட்சம் வீடுகள், அதாவது மொத்தத்தில் 13.8 விழுக்காடு காலி என்று வந்தது. அந்த எண் உலகெங்கும் தலைப்புச் செய்தியானது. ஆனால் அதில் ஏறக்குறைய பாதி, வாடகைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த வீடுகள். அவற்றைக் கைவிடப்பட்டவை என்று சொல்ல முடியாது. வாடகைச் சந்தையில் கொஞ்சம் காலி இருந்தால்தான் மனிதர்கள் வீடு மாற முடியும். நியூயார்க்கில் வாடகை வீடுகளின் காலி விகிதம் 5 விழுக்காட்டைத் தாண்டாமல் இருந்தால்தான் வாடகைக் கட்டுப்பாட்டைத் தொடரச் சட்டம் இடம் தருகிறது. 2023 கணக்கெடுப்பில் அது 1.41 விழுக்காடு.

கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டியபோது ஆள் இல்லை என்பதும் சில இடங்களில் காலியாகிவிடும். மின்சாரப் பயன்பாட்டைப் பார்ப்பது இதற்கு நல்ல மாற்று. அயர்லாந்தின் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் மீட்டர் அளவை வைத்துக் காலி வீடுகளை மதிப்பிட்டிருக்கிறது.

கேள்வி: கட்டட அனுமதிகளை எண்ணினால் புதிதாக எத்தனை வீடு வரும் என்று தெரிந்துவிடுமா?

அனுமதி என்பது எண்ணம். அஸ்திவாரம் போட்டது வேறு, கட்டி முடித்தது வேறு, குடியேறியது வேறு. அனுமதி வாங்கிவிட்டு நிலத்தின் மதிப்பு ஏறட்டும் என்று சும்மா இருப்பவர்களும் உண்டு.

கட்டி முடித்ததை எண்ணுவதுகூட நினைப்பதுபோல் எளிதில்லை. அயர்லாந்தில் பல ஆண்டுகள் புதிய மின் இணைப்புகளின் எண்ணிக்கையையே புதிய வீடுகளின் எண்ணிக்கையாக வைத்திருந்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு பாதியில் நின்றுபோன குடியிருப்புகளும், நெடுநாள் பூட்டிக் கிடந்து மறுபடி இணைப்பு பெற்ற வீடுகளும், பண்ணைக் கொட்டகைகளும்கூட அதில் புது வீடாக ஏறிக்கொண்டிருந்தன. 2018ல் புள்ளியியல் அலுவலகம் பிரித்தெடுத்து எண்ணியபோது, உண்மையில் கட்டிய வீடுகள் சொல்லிவந்ததைவிட மிகக் குறைவு என்று தெரிந்தது. மின்வாரியம் எண்ணியதில் பிழை இல்லை. அவர்கள் எண்ணியது இணைப்புகளை.

கேள்வி: வாடகை 3 விழுக்காடுதான் ஏறியது என்கிறது விலைவாசிக் குறியீடு. வீடு தேடி அலையும் எனக்கு 15 விழுக்காடு ஏறியதாகத் தெரிகிறது. யாருடைய எண் தவறு?

யாருடையதும் இல்லை. குறியீடு, ஏற்கெனவே குடியிருப்பவர்கள் எல்லோரும் கொடுக்கும் வாடகையை அளக்கிறது. அதில் பெரும்பாலோருக்கு இந்த ஆண்டு ஒப்பந்தம் மாறியிருக்காது. நீங்கள் பார்ப்பது புதிதாக வருபவரிடம் கேட்கும் வாடகை. அமெரிக்கத் தரவில், புதுக் குடியிருப்போரின் வாடகை குறியீட்டு வாடகையை ஏறத்தாழ ஓராண்டு முந்திக்கொண்டு போகிறது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இறங்கும்போதும் அப்படித்தான்.

கேள்வி: எங்கள் தெருப் பக்கம் இந்தக் காலாண்டில் 7 வீடுகள் விற்றன. விலை 12 விழுக்காடு ஏற்றம் என்று வருகிறது. எழுதலாமா?

வேண்டாம். அதில் ஒரே ஒரு வீட்டை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிடுங்கள், விடை எவ்வளவு ஆடுகிறது என்று தெரியும். நான்கு காலாண்டைச் சேர்த்தோ, பக்கத்துப் பகுதிகளைச் சேர்த்தோ குறைந்தது முப்பது நாற்பது விற்பனையாவது தேறிய பிறகு பேசுங்கள்.

கேள்வி: விலை கிடைக்கிறது, வீட்டின் பரப்பு கிடைக்கவில்லை. சதுர அடி விலை எப்படி எடுப்பது?

இன்னொரு கோப்போடு இணைத்துத்தான். இங்கிலாந்து, வேல்ஸ் நிலப்பதிவேடு 1995 ஜனவரியிலிருந்து விற்ற விலைகளை இலவசமாகத் தருகிறது. அதில் முகவரி, தேதி, வீட்டின் வகை, புது வீடா பழையதா என்பதெல்லாம் உண்டு, பரப்பு மட்டும் கிடையாது. பரப்பு, வீட்டின் ஆற்றல் பயன்பாட்டை மதிப்பிட்டுத் தரும் ஆற்றல் திறன் சான்றிதழ்களின் கோப்பில் இருக்கிறது. இரண்டையும் முகவரியை வைத்துச் சேர்க்க வேண்டும். கேட்க எளிது. ஒன்றில் பிளாட் 2ஏ என்றிருக்கும், மற்றதில் முதல் மாடி முன்பக்கம் என்றிருக்கும். என் அனுபவத்தில் இப்படிப்பட்ட வேலையில் பெரும்பகுதி நேரம் முகவரியோடு மல்லுக்கட்டுவதிலேயே போகும். பொருந்தாத வரிகளைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பொருந்தாமல் போவது பெரும்பாலும் அடுக்குமாடி வீடுகள் என்றால், உங்கள் விடை தனி வீடுகளின் பக்கம் சாய்ந்துவிடும்.

பரப்பு கிடைத்தாலும், அது சுவருக்குள் அளந்ததா, படிக்கட்டும் நடைபாதையும் சேர்த்ததா என்று விளக்கக் குறிப்பில் பாருங்கள். வரி விஷயமும் அப்படித்தான். அயர்லாந்தின் விலைப் பதிவேட்டில் புது வீடுகளின் விலையில் மதிப்புக் கூட்டு வரி சேர்ந்திருக்காது. பழைய வீட்டோடு அப்படியே ஒப்பிட்டால் புது வீடு மலிவாகத் தோன்றும்.

கேள்வி: ஒவ்வொரு வீடும் என்ன விலைக்குப் போனது என்று காட்டும் வரைபடத்தை வெளியிட ஆசை. தரவு பொதுவில்தானே இருக்கிறது, தடை ஏதும் உண்டா?

உரிமத்தைப் படியுங்கள். பிரான்ஸ் 2019ல் நில, வீட்டு விற்பனைத் தரவை எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஆனால் அதைக் கொண்டு வாங்கியவர், விற்றவர் யார் என்று அடையாளம் காணும்படி எதுவும் செய்யக்கூடாது, தேடுபொறிகளில் தனித்தனி வரியாகச் சிக்கும்படி வைக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டது. அதோடு ஆல்சாஸ், மோசெல் பகுதிகள் அந்தத் தரவில் இல்லை. அங்கே நிலப்பதிவு முறையே வேறு. வரைபடத்தில் அந்த இடம் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து விற்பனையே நடக்கவில்லை என்று நினைத்தவர்களை எனக்குத் தெரியும். உங்கள் வரைபடத்தில் தரவு இல்லாத இடத்துக்கும் விற்பனை இல்லாத இடத்துக்கும் வேறு வேறு நிறம் கொடுங்கள். வீடு வீடாகப் புள்ளி வைக்காமல் சின்னக் கட்டங்களாகப் பிரித்து இடைநிலை விலையைக் காட்டுங்கள், ஐந்துக்கும் குறைவான விற்பனை உள்ள கட்டங்களை மறைத்துவிடுங்கள்.