பாஸ் மீன் பிடிக்கிற ரீலில் ‘டிராக்’ எதற்கு, எவ்வளவு இறுக்குவது?

டிராக் என்பது ரீலுக்குள், அதாவது தூண்டில் நரம்பைச் (நூலை) சுற்றிவைக்கிற கருவிக்குள், இருக்கிற பிரேக், அவ்வளவுதான். மீனின் இழுப்பு நீங்கள் வைத்த அளவைத் தாண்டினால் உள்ளே இருக்கும் வட்டத் தகடுகள் வழுக்கி, நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூல் சுழன்று நரம்பு வெளியே போகும். இதை இறுக்கவும் தளர்த்தவும், கழிக்கு அடியில் தொங்கும் ஸ்பின்னிங் ரீலில் பெரும்பாலும் ஸ்பூலின் தலையில் உள்ள குமிழ், கழியின் மேல் அமரும் பெய்ட்காஸ்டர் ரீலில் கைப்பிடியை ஒட்டிய நட்சத்திரச் சக்கரம்.

ஏன் வேண்டும்? லார்ஜ்மவுத் பாஸ் (பெரிய வாயுள்ள நன்னீர் பாஸ் மீன்) படகருகே வந்து, சரி சோர்ந்துவிட்டது என்று நாம் நினைக்கிற நேரத்தில்தான் திடீரென்று அடியில் பாயும். அப்போது வெளியே இருக்கிற நரம்பு குறைவு, நீண்டு கொடுக்க இடமில்லை. முடிச்சு அறும், இல்லாவிட்டால் கொக்கி வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். காற்றாடி விடும்போது பலத்த காற்று வந்தால் நூலை விட்டுக்கொடுப்போமே, அதை டிராக் தானாகச் செய்கிறது.

அளவு, நரம்பின் தாங்குதிறனில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள். 10 பவுண்டு நரம்பென்றால் இரண்டரை முதல் சுமார் 3.3 பவுண்டு. நுனியை ஸ்பிரிங் தராசில் மாட்டி, கழியை வளைத்து இழுத்துப் பாருங்கள்; கையால் குத்துமதிப்பாக இழுத்துப் பார்ப்பதை நான் நம்பமாட்டேன். நீர்ச்செடி அடர்ந்த இடத்தில் ரப்பர் தவளை இரையும் 50, 65 பவுண்டு பின்னல் நரம்புமாகப் பிடிப்பவர்கள் மட்டும் கிட்டத்தட்டப் பூட்டியே வைப்பார்கள், கொஞ்சம் விட்டாலும் மீன் செடிக்குள் புகுந்துவிடும்.

அப்புறம், நரம்பு ‘கிர்ர்’ என்று போகும்போது கைப்பிடியை வேகமாகச் சுற்றினால் மீன் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்; வராது, ஸ்பின்னிங் ரீலில் நரம்பு முறுக்கேறி அடுத்த வீச்சில் சிக்கல்தான் விழும்.