ஓரணாச் சிற்றுண்டி

கேள்வி: தியாகராய நகருக்குப் பெயர் தந்த சர் பிட்டி தியாகராயர் அரசியல்வாதியா, வணிகரா? முதல்வர் பதவியை மறுத்தவர் என்பதைத் தவிர அவரைப் பற்றி எதுவும் தெரியவில்லையே. (வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: இரண்டும்தான், வணிகம் முந்தியது. 1852-இல் பிறந்து, 1876-இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்ற அவர் நெசவுத் தொழிலில் இறங்கினார். சுமார் 100 தறிகள் கொண்ட கூடத்தில், குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் நாடாவைக் கையால் வீசாமல் கயிற்றை இழுத்து ஓடவிடும் புதுவகைத் தறிகளைப் புகுத்தினார். 1882-இல் சென்னை மாநகராட்சி உறுப்பினராகி ஏறத்தாழ 40 ஆண்டுகள் அந்த அவையில் இருந்தார். அரசு அதிகாரியாக இல்லாமல் அதன் தலைவரான முதல் மனிதரும் அவரே. 1916-இல் டி.எம். நாயர், நடேச முதலியார் ஆகியோருடன் சேர்ந்து நீதிக்கட்சியைத் தோற்றுவித்தார். 1920 தேர்தலில் அக்கட்சி வென்றதும், ஆளுநர் வெலிங்டன் ஆட்சியமைக்க அழைத்தபோது அவர் மறுத்துவிட, சுப்பராயலு ரெட்டியார் முதல்வரானார்.

அந்த மறுப்பு பெரிதுதான். ஆனாலும் அதே 1920-ஆம் ஆண்டு செப்டம்பரில் மாநகராட்சி அவை நிறைவேற்றிய ஒரு தீர்மானத்தையே நான் அதைவிட உயர்வாக வைப்பேன். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு, ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்கலாம் என்பதே அத்தீர்மானம். ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கில், 16 பிள்ளைகளின் பசியை ஒரு ரூபாயில் ஆற்றலாம் என்று கண்ட வணிகக் கண் அது. அங்கே படிப்பவர்கள் ஏழைகள், வறுமையால் பள்ளியில் சேர்க்கை குன்றுகிறது என்பதைத் தலைவராக அமர்ந்திருந்த அவரே அவையில் எடுத்துரைத்தார்.

கேள்வி: அப்படியானால் மதிய உணவுத் திட்டம் காமராசருடையது இல்லையா? (வாசகி, மதுரை)

பதில்: மாநிலம் முழுவதும் அதைக் கொண்டுசென்ற பெருமை காமராசருக்கே உரியது; அது 1956-இல் நடந்தது. மாநகராட்சியின் முயற்சி நகரின் ஒருசில பள்ளிகளோடு நின்றது. அங்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடிவந்த நிலையில், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்யக்கூடாதென்று அரசு தடுத்ததால், 1925-இல் சிற்றுண்டி நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் தியாகராயர் காலமானார்.