பாகம் பிரிக்க அது யார் சொத்து?

கேள்வி: சிகாகோவின் முதல் கறுப்பின மேயராக 1983இல் ஹெரால்ட் வாஷிங்டன் தேர்ந்தெடுக்கப்பட்டதைச் சரித்திர வெற்றி என்று எழுதியிருந்தீர்கள். ஜேன் பைர்ன், ரிச்சர்ட் டேலி என்ற இரண்டு வெள்ளை வேட்பாளர்கள் வெள்ளையர் வாக்குகளைப் பிரித்துக்கொண்டதால் நடுவில் புகுந்தவருக்கு அடித்த யோகம்தானே அது? (திருச்சி வாசகர் ஒருவர்)

பதில்: உங்கள் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1983 பிப்ரவரி 22 அன்று நடந்த ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே முடிவு செய்யும் முதல் சுற்றில், வாஷிங்டனுக்குச் சுமார் 36 விழுக்காடு கிடைத்தது. பதவியிலிருந்த மேயர் பைர்னுக்குச் சுமார் 34. நெடுங்காலம் மேயராக இருந்தவரின் மகனும் சிகாகோ அடங்கிய குக் கவுன்டி என்ற மாவட்டத்தின் அரசு வழக்கறிஞருமான டேலிக்குச் சுமார் 30. டேலி ஒதுங்கியிருந்தால் அன்று பைர்ன் வென்றிருக்கக்கூடும்.

ஆனால் 'வெள்ளையர் வாக்கு பிரிந்தது' என்கிறீர்களே, பாகம் பிரிக்க வேண்டுமானால் அதற்கு முன் சொத்து ஒன்றாக இருந்திருக்க வேண்டாமா? அயர்லாந்து வழியினர், போலந்து வழியினர், இத்தாலியர், யூதர் என்று வட்டாரத்துக்கு வட்டாரம் தனித்தனியாக அரசியல் செய்துவந்த நகரம் சிகாகோ. 1979 பிரைமரியில் பைர்னும் அப்போதைய மேயர் பிலாண்டிக்கும் மோதியபோது, வெள்ளையர் வாக்கு இரண்டாகிவிட்டதே என்று எவரும் கவலைப்படவில்லை. அந்த ஜனவரியில் கொட்டிய பனியில் நகரமே முடங்கியபோது, நகர ரயில்கள் கறுப்பினப் பகுதிகளின் நிலையங்களில் நிற்காமலே ஓடின. கொட்டும் குளிரில் நடைமேடையில் காத்திருந்தவர்கள் தங்களைக் கடந்து போன ரயிலை மறக்கவில்லை. அடுத்த மாதமே பைர்னுக்கு வாக்களித்துப் பிலாண்டிக்கை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது எதிரணிகளாக நின்ற வெள்ளையர்கள் 1983இல் மட்டும் ஒரே 'வாக்கு வங்கி' ஆனது, போட்டியில் ஒரு கறுப்பர் இருந்ததால்தான். கட்சியின் கவுன்டித் தலைவர் எட்வர்ட் வ்ருடோலியாக், பிரைமரிக்கு முந்தைய வார இறுதியில் தம் ஆட்களிடம், டேலிக்குப் போடும் வாக்கு வாஷிங்டனுக்குப் போடும் வாக்கு என்றும், இது இன விவகாரம், ஏமாந்துவிடாதீர்கள் என்றும் வெளிப்படையாகவே பேசினார். நீங்கள் இன்று போடும் கணக்கு அவர் அன்று போட்டுக்கொடுத்த கணக்கு.

யோகம் என்கிறீர்கள். வாஷிங்டன் 1977லேயே ஒரு முறை மேயர் பிரைமரியில் நின்று, சுமார் 11 விழுக்காடு மட்டுமே வாங்கித் தோற்றவர். மறுபடி நிற்கச் சொல்லி ஆதரவாளர்கள் நெருக்கியபோது, புதிதாக 50,000 பேரையாவது வாக்காளர் பட்டியலில் சேர்த்துவிட்டு வாருங்கள் என்று நிபந்தனை போட்டார். அவர்கள் 1982க்குள் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரைச் சேர்த்துக் காட்டினார்கள். அதற்கு வேகம் கொடுத்தவர் பைர்ன்தான் என்றும் சொல்லலாம்: குடியிருப்போரில் பெரும்பாலோர் கறுப்பினத்தவராக இருந்த நகர வீட்டுவசதி ஆணையத்தின் குழுவில், கறுப்பின உறுப்பினர்களை எடுத்துவிட்டு வெள்ளையரை நியமித்து, தம்மை மேயராக்கிய மக்களையே சீண்டிவிட்டார். பிரைமரியில் வாஷிங்டனுக்கும் பைர்னுக்கும் இடையே இருந்த வித்தியாசம் நாற்பதாயிரத்தைத் தாண்டாது. வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்த ஒரு லட்சம் பெயர்களை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நீங்கள் தொடாமல் விட்டது ஏப்ரல் 12 அன்று நடந்த பொதுத் தேர்தல். 1931க்குப் பின் குடியரசுக் கட்சி மேயரையே அறியாத ஊர் அது. ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் வென்றவர் மேயர் நாற்காலியில் பாதி உட்கார்ந்தாயிற்று என்பதுதான் வழக்கம். 1979இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் வாங்கியது 16 விழுக்காடு. நான்கே ஆண்டுகளில், நகரத்தில் பலர் அதுவரை கேள்விப்பட்டிராத பெர்னார்ட் எப்டன் என்ற அதே கட்சி வேட்பாளர் 48 விழுக்காடு வாங்கினார். ஜனநாயகக் கட்சியின் வார்டுப் பொறுப்பாளர்கள் பலர் சொந்த வேட்பாளரைக் கைவிட்டு அவருக்கு வேலை செய்தார்கள். 'எப்டன், காலம் கடந்துபோவதற்குள்' என்பது அவருடைய விளம்பர வாசகம். எதற்கான காலம் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எழுத்தே இல்லாத வெறும் வெள்ளை பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தவர்களும் இருந்தார்கள். குருத்தோலை ஞாயிறு அன்று, முன்னாள் துணை ஜனாதிபதி வால்டர் மாண்டேலுடன் வடமேற்குப் பகுதியின் செயின்ட் பாஸ்கல் தேவாலயத்துக்கு வாஷிங்டன் சென்றபோது, கதவில் இனவசை பூசப்பட்டிருந்தது. வெளியே கூடியிருந்தவர்கள் கூச்சலிட்டே அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

வாஷிங்டன் மீது குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யாத குற்றத்துக்காக 1972இல் ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தவர் அவர். அதைக் கேட்க எப்டனுக்கு முழு உரிமை உண்டு, அதற்காகவே அவரை மறுத்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் 16 விழுக்காடு 48 ஆனதற்கு அந்த வரிக்கணக்கு ஒன்றே காரணம் என்று சொன்னால், வாதத்துக்காகக்கூட என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த ஏப்ரலில், ஏறத்தாழ நேருக்கு நேரான போட்டியில், எந்தப் பிரிவினையின் தயவும் இல்லாமல் வாஷிங்டன் 51.7 விழுக்காடு பெற்றார். வித்தியாசம் சுமார் 48,000 வாக்குகள். கறுப்பினத்தவர் நகர மக்கள் தொகையில் சுமார் 40 விழுக்காடுதான் என்பதால், லத்தீன் அமெரிக்க வழியினரும், ஏரிக்கரை வார்டுகளின் வெள்ளையரில் ஒரு சிறு பகுதியினரும் அவர் பக்கம் வராமல் இந்த வெற்றி கைகூடியிருக்காது.

இதுவும் போதாதென்றால் 1987ஐப் பாருங்கள். முதல் ஆட்சிக்காலத்தின் பெரும்பகுதியில், மாநகர மன்றத்தின் 50 கவுன்சிலர்களில் 29 பேர் வ்ருடோலியாக்கின் பின்னே அணிதிரண்டு மேயரின் நியமனங்களைத் தடுத்து மல்லுக்கட்டினார்கள். நீதிமன்ற உத்தரவால் ஏழு வார்டுகளில் 1986இல் சிறப்புத் தேர்தல் நடந்த பிறகுதான் கை விடுபட்டது. மறு ஆண்டு பிரைமரியில் டேலி நிற்கவில்லை. அதே பைர்ன் தனியாக எதிர்த்து நின்றார். நீங்கள் ஆசைப்பட்ட, பிரியாத போட்டி. வாஷிங்டன் பாதிக்கு மேல் வாங்கி வென்றார். அந்த நவம்பரில், மேயர் மேசையில் அமர்ந்திருந்தபோதே மாரடைப்பால் சரிந்து இறந்தார்.

1983 மறுபடி நடந்துவிடக்கூடாது என்று நினைத்தவர்கள், கட்சிப் பிரைமரியையே எடுத்துவிட்டு, எவரும் பாதிக்கு மேல் வாங்காவிட்டால் முதலிருவருக்கும் இரண்டாம் சுற்று என்று விதியை மாற்ற 1986லேயே கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். அப்போது முடியவில்லை, 1995இல் மாநிலச் சட்டம் வந்து, 1999 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. அந்த விதியின்படி நடந்த 2019 தேர்தலின் முதல் சுற்றில் 14 பேர் நின்றார்கள். முதலிடம் பெற்ற லோரி லைட்ஃபுட்டுக்குக் கிடைத்தது 18 விழுக்காட்டுக்கும் குறைவு. வாஷிங்டன் 1983 பிரைமரியில் வாங்கிய பங்கில் பாதிகூட இல்லை. அவருடன் இரண்டாம் சுற்றுக்குத் தேறியவர் டோனி பிரெக்விங்கிள். இருவருமே கறுப்பினப் பெண்கள். மூன்றாவதாக வந்து வெளியேறியவர், ரிச்சர்ட் டேலியின் தம்பி வில்லியம் டேலி.