கல்யாணமான கையோடு ஃபோலிக் ஆசிட் மாத்திரை எதற்கு?

கேள்வி: திருமணமாகி நான்கு மாதம் ஆகிறது. குழந்தைக்குத் திட்டமிடுகிறோம் என்றதும் டாக்டர் ஃபோலிக் ஆசிட் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "உண்டானதுக்கு அப்புறம் சாப்பிட்டாப் போதும், இப்பவே எதுக்கு?" என்கிறார் மாமியார். இது உண்மையிலேயே அவசியமா, இல்லை மருந்துக் கம்பெனி வியாபாரமா?

டாக்டர் சொன்னதைக் கேளுங்கள். இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள்.

மருந்துக் கடை கவுன்டரில் நிற்கும் மருந்தாளுநர் நான். வியாபாரம் பற்றிய சந்தேகத்தை முதலில் முடித்துவிடுகிறேன். எங்கள் கடையில் லாபமே வராத சரக்குகளில் இந்தக் குட்டி மஞ்சள் மாத்திரையும் ஒன்று. ஒரு நாள் செலவு ஒரு டீ விலைகூட ஆகாது. கர்ப்பிணிகளுக்கென்று டப்பாவில் அடைத்து விற்கும் புரோட்டீன் பவுடரில்தான் காசு இருக்கிறது. அதை எந்த மாமியாரும் கேள்வி கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

இனி கணக்கு. கர்ப்ப வாரங்களை டாக்டர்கள் கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணுகிறார்கள். கரு தரிப்பது ஏறக்குறைய இரண்டாவது வாரக் கடைசியில். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று உங்களுக்குப் புரிவது நான்கு வாரம் முடியும்போது. "இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்" என்று காத்திருந்து, கார்டு வாங்கிச் சோதித்து, வீட்டில் சொல்லி, நல்ல நாள் பார்த்து டாக்டரிடம் போவதற்குள் ஆறு, ஏழு வாரம் ஓடிவிடும்.

அதற்குள் உள்ளே ஒரு பெரிய வேலை நடந்து முடிந்திருக்கும். பிற்காலத்தில் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் பகுதி தொடக்கத்தில் தட்டையாக இருக்கிறது. வாழையிலையின் இரண்டு ஓரங்களையும் தூக்கிச் சுருட்டி ஒட்டவைப்பதுபோல அது மடிந்து குழாயாகிறது. இந்த நரம்புக் குழாய் முழுக்க மூடிவிடுவது கரு தரித்து 28 நாட்களுக்குள். டாக்டர் கணக்கில் அது ஆறாவது வாரம். மேல்பக்கம் மூடாமல் போனால் மூளையும் மண்டையோடும் முழுதாக உருவாவதில்லை. அந்தக் குழந்தை பிழைக்காது. கீழ்ப்பக்கம் திறந்து நின்றால் ஸ்பைனா பிஃபிடா என்னும் தண்டுவடப் பிளவு. கால்கள் செயல்படாமல் போகலாம், சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போகலாம். பல குடும்பங்களுக்கு இது தெரிய வருவது ஐந்தாம் மாத ஸ்கேனில். அப்போது எத்தனை மாத்திரை விழுங்கினாலும் மூடாத குழாய் மூடாது.

அதனால்தான் முன்கூட்டியே. குறைந்தது ஒரு மாதம் முன்பே, முடிந்தால் மூன்று மாதம் முன்பே தொடங்கினால் ரத்தத்தில் போதுமான அளவு சேர்ந்திருக்கும்.

உங்கள் மாமியார் சொல்வதும் ஒன்றுமில்லாத பேச்சு அல்ல. அவர் காலத்தில் இந்த மாத்திரையை "ரத்தம் ஊற" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அதற்கு உண்டான பிறகு சாப்பிட்டால் போதும். ஒரே வைட்டமினுக்கு இரண்டு வேலை. முதல் வேலையைக் கண்டுபிடித்து அறுபது ஆண்டுகள் கழித்துத்தான் இரண்டாவது உறுதியானது. அந்த முதல் ஆராய்ச்சியில் ஒரு பங்கு நம் ஊரிலேயே நடந்தது என்பதால் அதைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை.

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஏழைக் கர்ப்பிணிகள் பலர் கடுமையான ரத்தசோகையில் செத்துக்கொண்டிருந்தார்கள். இரும்புச்சத்துக் குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகும். இவர்களுக்கோ நேர்மாறாக அணுக்கள் பருத்திருந்தன, எண்ணிக்கை குறைந்திருந்தது. தொற்றுநோயா என்று பார்த்தார், இல்லை. யாருக்கு வருகிறது என்று பார்த்தபோது ஏழை முஸ்லிம் பெண்களுக்கு அதிகம், வசதியான வீடுகளில் குறைவு. உடனே அவர்கள் வீட்டுச் சாப்பாட்டின் பக்கம் திரும்பினார். காய், கனி, புரதம் எல்லாமே குறைவு. ஏ, சி வைட்டமின்களைக் கொடுத்துப் பார்த்தார், பலனில்லை. அந்தப் பெண்கள் சாப்பிட்ட அதே சாப்பாட்டை எலிகளுக்கும் போட்டுப் பார்த்தார். எலிகளுக்கும் சோகை வந்தது. ஆனால் பேன் மூலம் பரவிய வேறொரு கிருமியும் அந்த எலிகளில் இருந்ததால் முடிவு குழம்பியது. பிறகு குரங்குகள். அந்தச் சாப்பாட்டில் நலிந்துபோன குரங்கு ஒன்றுக்கு மார்மைட் கொடுத்தார்கள். பீர் காய்ச்சியபின் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுத்து, ஆங்கிலேயர்கள் ரொட்டியில் தடவித் தின்னும் கறுப்புக் களிம்புதான் அது. குரங்கு தேறியது. கர்ப்பிணிகளுக்கும் கொடுத்தார்கள், சோகை மாறியது. 1931 ஜூனில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது.

இந்த ஆண்டுகளில் 1929இன் பாதியை அவர் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் கழித்தார். 1931 தொடக்கத்தில் சென்னையில், இன்றைய கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையில் வேலை பார்த்தார். திருவல்லிக்கேணிக்காரர்களைக் கேட்டால் இன்னும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள். சென்னையில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை பெற்றுக்கொண்ட இடம். என் உறவிலேயே பாதிப்பேர் பிறந்தது அங்கேதான்.

மார்மைட்டில் இருந்த அந்தச் சத்து என்ன என்பது அப்போது தெரியாது. 'வில்ஸ் காரணி' என்று பெயர் வைத்தார்கள். 1941இல் அமெரிக்காவில் பசலைக்கீரையிலிருந்து ஃபோலிக் ஆசிட்டைப் பிரித்தெடுத்தார்கள், அந்தச் சத்து இதுதான். 1945இல் லெடர்லி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகத் தயாரித்தார்கள். அந்தக் கூடத்தின் ஆராய்ச்சித் தலைவர் யெல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்துக்காரர். அதே திருவல்லிக்கேணியில் இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிகுலேஷனை மூன்றாவது முயற்சியில் பாஸ் பண்ணி, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர். அவருடைய சகோதரரைக் கொன்றது ஸ்ப்ரூ என்னும் குடல் நோய். அதே நோய்க்கு ஃபோலிக் ஆசிட் மருந்தானது. லெடர்லி வைத்த 'ஃபோல்வைட்' என்ற பெயரில் இன்றும் நம் கடைகளில் மாத்திரை விற்கிறது, கம்பெனிதான் கை மாறிவிட்டது. அட்டையைக் கிழித்துக் கொடுக்கும்போது இதையெல்லாம் சொல்ல ஆசைதான். பின்னால் நிற்கிறவர் பொறுக்க மாட்டார்.

இரண்டாவது வேலைக்கு வருவோம். 1960களில் லிவர்பூலில் ஹிப்பர்ட், ஸ்மித்தெல்ஸ் என்ற இரு மருத்துவர்கள், ஊனமுள்ள குழந்தை பெற்ற தாய்மார் பலருக்கு உடலில் ஃபோலிக் ஆசிட் கணக்கு சரியில்லை என்று கவனித்தார்கள். ஸ்மித்தெல்ஸ் விடவில்லை. ஏற்கெனவே இந்தக் குறையோடு ஒரு குழந்தை பெற்ற பெண்களுக்கு, அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே வைட்டமின் கலவை கொடுத்தார். 1980இல் வெளியிட்ட முடிவு: சாப்பிட்டவர்களில் 178 பேருக்கு 1 குழந்தை, சாப்பிடாதவர்களில் 260 பேருக்கு 13 குழந்தைகள் பாதிப்போடு. ஆனால் சாப்பிடாதவர்கள் என்று கணக்கில் எடுத்தவர்கள், அவரிடம் வரும்போதே கர்ப்பமாக இருந்தவர்கள். குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பாதிக்கு மருந்தில்லாத போலி மாத்திரை தர அவர் அனுமதி கேட்டார். நெறிமுறைக் குழுக்கள் மறுத்துவிட்டன. அதனால் "முன்கூட்டியே வந்து மாத்திரை வாங்குகிறவர்கள் இயல்பாகவே நன்றாகச் சாப்பிடுகிற, கவனமான பெண்களாக இருக்கலாமே" என்ற கேள்வி தொங்கியது. நியாயமான கேள்வி. கலவையில் எந்த வைட்டமின் வேலை செய்தது என்பதும் தெரியவில்லை.

பிரிட்டனின் மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில் 7 நாடுகளில் 33 மையங்களில் சோதனையை நடத்தி இதற்கு முடிவு கட்டியது. 1,817 பெண்கள், குலுக்கல் முறையில் நான்கு பிரிவு: ஃபோலிக் ஆசிட் மட்டும், மற்ற வைட்டமின்கள் மட்டும், இரண்டும், இரண்டும் இல்லாமல். 1991இல் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள், பதில் அவ்வளவு தெளிவாகிவிட்டது. ஃபோலிக் ஆசிட் பெற்ற 593 கர்ப்பங்களில் 6 பாதிப்பு, பெறாத 602இல் 21. ஆபத்து 72 சதவீதம் குறைவு. மற்ற வைட்டமின்களால் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டே ஹங்கேரியில், இதற்கு முன் இந்தப் பாதிப்பு வராத பெண்களிடம் நடத்திய சோதனையில், ஃபோலிக் ஆசிட் கலந்த மாத்திரை சாப்பிட்ட பிரிவில் ஒரு குழந்தைக்குக்கூட இல்லை, மற்றதில் 6 பேருக்கு இருந்தது.

மாத்திரை சாப்பிட்டும் பாதிப்பு வந்தவர்கள் உண்டு என்பதையும் பிரிட்டன் சோதனையின் 593இல் வந்த அந்த 6 சொல்கிறது. முழு உத்தரவாதம் கிடையாது. ஆனால் கர்ப்ப காலத்துக்கு மருந்து என்று எழுதப்படும் சீட்டுகளில் இவ்வளவு உறுதியான ஆதாரம் உள்ளவை குறைவு.

எனக்குக் கோபம் வருவது இனிமேல்தான். ஆதாரம் கிடைத்து முப்பது ஆண்டுகள் தாண்டிவிட்டன. அரசு வழிகாட்டுதலிலும் கருத்தரிப்புக்கு முன்பே தினமும் 400 மைக்ரோகிராம் என்று இருக்கிறது. ஆனால் பெரும்பாலான பெண்கள் கையில் மாத்திரை வருவது செக்கப்புக்குப் பதிவு செய்த பிறகுதான். நான்காம் மாதத்திலிருந்து தரும் சிவப்பு மாத்திரை இரும்பும் ஃபோலிக் ஆசிடும் சேர்ந்தது. ரத்தத்துக்கு நல்லது, நரம்புக் குழாய்க்கு அல்ல. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரையில் ஃபோலிக் ஆசிட் 500 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் வாராந்திர மாத்திரைக்குச் சொல்லும் அளவு 2,800. ரேஷன் கடைச் செறிவூட்டப்பட்ட அரிசியில் கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நாளுக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டாலும் சுமார் 30தான் தேறும். அதிலும் அந்த மணிகள் கொஞ்சம் வேறுமாதிரி இருப்பதால் 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறிகிறவர்கள் உண்டு.

இன்னொரு தடை, எந்த வழிகாட்டுதலிலும் எழுதாதது. புதுசாகக் கல்யாணமான பெண் தினமும் ஒரு மாத்திரை சாப்பிட்டால், "என்ன, ஏதாவது ட்ரீட்மென்டா? அவளுக்கு ஏதும் குறையா?" என்று கேட்கிற வீடுகள் நம்முடையவை. மாத்திரை அட்டையைக் கைப்பைக்குள் ஒளித்து வைத்துக்கொள்வதற்காக, வெளி டப்பா வேண்டாம் என்று வாங்கிப் போன பெண்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மாமியார் நேராகக் கேட்டுவிட்டார், அந்த வகையில் நீங்கள் கொடுத்து வைத்தவர். "இது சிகிச்சை இல்லை அத்தை, குழந்தையோட முதுகெலும்புக்கு" என்று சொல்லிப் பாருங்கள். குழந்தை என்று வந்துவிட்டால் அவரே வேளாவேளைக்கு ஞாபகப்படுத்துவார்.

"கீரை சாப்பிடுகிறேனே" என்று பலர் கேட்கிறார்கள். சாப்பிடுங்கள். பச்சைப்பயறும் கொண்டைக்கடலையும் சாப்பிடுங்கள். ஆனால் இந்தச் சத்து தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துவிட்டால் பாதிக்கு மேல் வடிகாலுக்குத்தான். மாத்திரைக்கு மாற்றாக அதை நம்ப வேண்டாம். கருப்பு நிறக் குழந்தை பிறக்கும் என்ற பேச்சு இரும்பு மாத்திரை பற்றி உலவுவது, அதுவும் பொய். இரும்பு சாப்பிட்டால் மலம் கறுக்கும், அவ்வளவுதான்.

அளவு பற்றி: சாதாரணமாக 400 மைக்ரோகிராம் போதும். நம் கடைகளில் அதிகம் விற்பது 5 மில்லிகிராம், அதாவது பன்னிரண்டு மடங்குக்கு மேல். உங்களுக்கு எழுதியிருப்பது எது என்று சீட்டைப் பாருங்கள். 5 என்றால் ஏன் என்று டாக்டரிடமே கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. முன்பு இப்படிப் பாதிப்புள்ள குழந்தை பிறந்திருந்தால், சர்க்கரை நோய் இருந்தால், வலிப்புக்கு மாத்திரை (குறிப்பாக வால்ப்ரோயேட்) சாப்பிட்டால் அதிக அளவுதான் தருவார்கள். வலிப்பு மாத்திரையைப் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சுத்த சைவம் என்றால் பி12 அளவையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பி12 குறைவால் வரும் சோகையை ஃபோலிக் ஆசிட் மூடி மறைத்துவிடும், நரம்பு பாதிப்பு மட்டும் சத்தமில்லாமல் தொடரும்.

மூட்டுவாதத்துக்கோ சொரியாசிஸுக்கோ மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறீர்களா? அது ஃபோலிக் ஆசிடின் வேலையைத் தடுக்கும் மருந்து. கூடவே ஃபோலிக் ஆசிட் எழுதியிருப்பார்கள், அதை நம்பிக் கருத்தரிக்கக் கூடாது. முதலில் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்த வேண்டும், எப்போது எப்படி என்பதை அந்த டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் ஒரு நாளைக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு முன்போ பின்போ, பன்னிரண்டாவது வாரம் முடியும்வரை. ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம், விட்டதை விட்டுவிட்டுத் தொடருங்கள்.