பதற்றத்தை ஏற்றுக்கொள்வது தோல்வியா?

கேள்வி: சில ஆண்டுகளாகத் திடீர்ப் பதற்றமும் நெஞ்சுப் படபடப்பும் வருகின்றன. உளவியல் ஆலோசகரோ, "அதை விரட்டாதீர்கள், ஏற்றுக்கொள்ளப் பழகுங்கள்" என்கிறார். இது புதிதாகக் கிளம்பிய முறையா? தாங்கிக்கொள்வது எப்படிச் சிகிச்சையாகும்?

பதில்: துன்பம் நீங்க வேண்டும் என்று சென்றவரிடம் அதை ஏற்கச் சொன்னால், கைவிடப்பட்டதாகவே தோன்றும். ஆனால் இம்முறைக்கு நூறாண்டு வரலாறு உண்டு. இளமையில் தாமே பதற்றத்தால் வருந்திய ஜப்பானிய மனநல மருத்துவர் ஷோமா மொரிட்டா, 1919ஆம் ஆண்டளவில் வகுத்த சிகிச்சையில், நோயாளிகள் முதலில் சில நாட்கள் படுக்கையில் தனித்திருந்து, எழும் அச்சங்களை எதிர்க்காமல் இருக்கவிட்டு, பின்னர் படிப்படியாக வேலைகளில் இறங்கினார்கள். அச்சம் தீரட்டும் என்று காத்திராமல் அச்சத்தோடேயே செய்யவேண்டியதைச் செய்வதுதான் அதன் சாரம்.

மேற்கில் 1950களில் பழக்கங்களை மாற்ற முயலும் நடத்தைச் சிகிச்சையும், 1960களில் எண்ணங்களை மாற்ற முயலும், மனநல மருத்துவர் ஆரோன் பெக்கின் அறிவாற்றல் சிகிச்சையும் வளர்ந்தன. இவை இன்றும் பலருக்குப் பயன் தருகின்றன. எனினும் 1987இல் உளவியலாளர் டேனியல் வெக்னர் வெளியிட்ட ஆய்வு ஒன்று முக்கியமானது. வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று கூறப்பட்டவர்களால் அதைத் தவிர்க்க முடியவில்லை. பிறகு நினைக்கலாம் என்றதும், முதலிலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். படபடப்பு வருகிறதா என்று ஓயாமல் கண்காணிப்பவருக்கும் ஏறத்தாழ இதுவே நேர்கிறது.

1979இல் ஜான் கபாட்-ஜின் மசாசூசெட்சில் நாள்பட்ட வலியுள்ளவர்களுக்கு விழிப்புநிலைப் பயிற்சியை, அதாவது அந்தந்தக் கணத்தில் எழுவதை எடைபோடாமல் கவனிக்கும் பயிற்சியை, தொடங்கினார். தற்கொலை எண்ணம் மீண்டும் மீண்டும் எழுந்தவர்களுக்குச் சிகிச்சையளித்த உளவியலாளர் மார்ஷா லைனஹன், மாற்றத்தை மட்டும் வலியுறுத்தியபோது அவர்கள் தம்மைப் புரிந்துகொள்ளவில்லை என்று புண்பட்டதையும், ஏற்பை மட்டும் அளித்தபோது அவர்கள் நிலை மாறாததையும் கண்டு, இரண்டையும் இணைத்தார். இவ்வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்தது இந்த இணைப்புதான். பீதித் தாக்குதல்களைத் தாமே அனுபவித்த உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸ் 1980களில் உருவாக்கத் தொடங்கி, சக ஆய்வாளர்களுடன் 1999இல் நூலாக வெளியிட்ட 'ஏற்பு மற்றும் உறுதிப்பாட்டுச் சிகிச்சை' (ACT) என்ற முறையையே தங்கள் ஆலோசகர் பின்பற்றுகிறார் என்று கருதுகிறேன்.

அதில் ஏற்கவேண்டியது உள்ளே எழும் உணர்வை மட்டுமே. கொடுமையையோ அநீதியையோ அன்று. பதற்றத்துக்கு அஞ்சித் தாங்கள் கைவிட்ட ஒரு செயலை, அது இருக்கும்போதே மீண்டும் தொடங்குவது எப்படி என்று ஆலோசகரிடம் கேளுங்கள். தைராய்டு, இதயப் பரிசோதனைகள் செய்யப்படாதிருந்தால் அவற்றை முதலில் முடியுங்கள். மருந்து உட்கொள்பவராயின், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவேண்டாம்.