ஃப்ரெண்ட் பைக்ல நாஜி சின்னம் ஒட்டியிருக்கான், கேட்டா "நம்ம ஸ்வஸ்திக் தானே"ங்கறான். எப்படி எடுக்க வைக்கறது?

வேலூர்ல ரேடியம் ஸ்டிக்கர் கடை வச்சிருக்கேன், அதனால இது எனக்கு படிக்கிற கேள்வி இல்ல, கல்லாவுல வந்து நிக்கிற கேள்வி. உங்க ஃப்ரெண்ட் அனேகமா காலேஜ் பையன், டேங்க் மேல ஒட்டியிருப்பான், சரியா?

அவன் சொல்றது சும்மா சாக்கு. கிரகப்பிரவேசத்துக்கும் புதுக்கணக்கு நோட்டுக்கும் நாம போடறது நேரா நிக்கும், மஞ்சள் குங்குமம், நாலு கட்டத்துலயும் புள்ளி வரும். அவன் ஒட்டியிருக்கறது சிவப்புல வெள்ளை வட்டம், அதுக்குள்ள கருப்புல 45 டிகிரி சாஞ்சு நிக்கும். சாமிக்குன்னு வர்ற எவனும் என்னை கோரல் டிராங்கற டிசைன் சாஃப்ட்வேர்ல அதை சாய்க்கச் சொன்னதில்ல.

கொஞ்ச நாள் முன்னாடி மூணு பசங்க வந்தாங்க, போன்ல டிசைனை காட்டி "அண்ணா இத வெட்டிக் குடுங்க, கெத்தா இருக்கும்"னாங்க. முடியாதுபான்னேன். ஒருத்தன் ஆரம்பிச்சான், ஹிட்லர் இல்லன்னா நமக்கு சுதந்திரமே வந்திருக்காதாம், நேதாஜியே போய் பார்த்தாராம். பார்த்தாருப்பா, 1942ல, பெருசா ஒண்ணும் கிடைக்காமதான் அடுத்த வருஷமே நீர்மூழ்கி ஏறி ஜப்பான் பக்கம் போனாரு. ஹிட்லர் எழுதின புக்குலயே இந்தியா வேற எவன் கையிலயும் இருக்கறதவிட இங்கிலீஷ்காரன் கையில இருக்கட்டும்னு எழுதி வச்சிருக்கான், அவனுக்கு நீ ஸ்டிக்கர் ஒட்டறியான்னேன். கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டைன்னே பேரு, வீட்டுக்கு வீடு பட்டாளத்து ஆளு இருக்கற நம்ம ஜில்லாவுல நின்னுகினு இத கேக்கறான். ஹிட்லர் நடத்தின அந்த ரெண்டாம் உலகப்போர்ல 25 லட்சம் இந்தியன் எந்தப் பக்கம் நின்னான்னு கூட தெரியல.

இன்னொருத்தன் "இங்கதான் யூதருங்களே இல்லையேண்ணா, யாருக்கு வலிக்கப் போவுது"ன்னான். கொச்சி மட்டாஞ்சேரியில 1568ல கட்டின யூதருங்க ஜெபக்கூடம் இன்னும் நிக்குது, அது எந்த நாட்டுல இருக்கு? அதவிட, எங்க கடையில மெஷின் பார்க்கற தம்பிக்கு சின்ன வயசுல போலியோ, கால்ல காலிபர்னு தாங்கு கம்பி மாட்டியிருக்கான். யூதருங்களுக்கு முன்னாடியே ஹிட்லர் விஷவாயு வச்சு சாகடிச்சது இந்த மாதிரி கை கால் முடியாதவங்களையும் மனநிலை சரியில்லாதவங்களையும்தான், இந்த தம்பி கையாலதான் அத வெட்டி மாஸ்கிங் டேப் போட்டு எடுக்கணுமான்னு கேட்டேன். கேட்ட பையன் எங்க தம்பி காலையும் பார்க்கல, என்னையும் பார்க்கல, போனையே தடவிகினு இருந்தான். அப்புறம் கிளம்பிட்டாங்க. திருந்தினாங்கன்னு கதை விட மாட்டேன், ரெண்டு நாள்ல அதே பைக் அதே ஸ்டிக்கரோட கிரீன் சர்க்கிள் சிக்னல்ல நின்னுச்சு. எவனோ வெட்டிக் குடுத்துட்டான்.

இப்ப உடனே "நீ இஸ்ரேல் சப்போர்ட்டா"ன்னு வருவீங்க. காசாவுல சாவுற குழந்தைங்களுக்கும் எனக்கு வயிறு எரியுது, அத தனியா பேசுவோம், அதுக்கும் 60 லட்சம் யூதருங்களை கொன்னவன் கொடிக்கும் என்ன சம்பந்தம்? இந்து விரோதின்னும் வராதீங்க, என் வியாபாரத்துல பாதி ஓமும் வேலும்தான், மீதி 786ம் சிலுவையும்.

சரி உங்க மேட்டர். டீக்கடையில நாலு பேர் முன்னாடி சொல்லாதீங்க, வீம்புக்கு இன்னும் பெருசா ஒட்டுவான். தனியா இருக்கும்போது சொல்லுங்க. ஜெர்மனியில இதே வண்டிய ரோட்ல ஓட்டினா கேஸ்தான், அங்க சட்டமே இருக்குன்னு சொல்லுங்க, மேல்படிப்பு கனவு இருந்தா காதுல ஏறும். ஒத்துக்கிட்டான்னா பிளேடு போட்டு சுரண்ட விடாதீங்க, பெயிண்ட் போயிடும். ஹேர் டிரையர் சூடு காட்டி ஓரத்துலருந்து மெதுவா உரிக்கணும், மிச்ச பசைக்கு துணியில கொஞ்சம் மண்ணெண்ணெய். டிரையர் இல்லன்னா நம்ம ஊரு மே மாசத்து வெயில்ல ஒரு மணி நேரம் நிறுத்துங்க, போதும்.