தாங்குகிறது என்பதற்காக

அன்புள்ள அண்ணனுக்கு,

கடல் சூடானாலும் ஆழத்தில் உள்ள பவளப்பாறைகளுக்கு ஒன்றும் ஆகாது, மேலே அழிந்தாலும் கீழே இருப்பவை மறுபடி பரவும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். கலங்கல் தண்ணீரில் வளரும் பவளங்களும் நன்றாகத் தாங்குகின்றனவாம். ஆறுதலாக இருந்தது. அப்படியென்றால் கலங்கிக் கிடக்கும் நம் எண்ணூர்க் கடலிலும் பவளம் நட முடியுமா? மீனுக்காகச் செயற்கைப் பாறை போடுகிறார்களே, அதில் வளருமா? அப்புறம், உங்கள் கட்டுரைகளில் சோகம் கொஞ்சம் அதிகம்.

எர்ணாவூரிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சோகத்தைப் பற்றி நான் விவாதிக்கப் போவதில்லை. செயற்கைப் பாறையில் மீன் வந்து அடையும். பவளம் நடுவது வேறு வேலை. ‘ஆறுதலாக இருந்தது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. இதே ஆறுதலைப் பலர் சொல்லிக் கேட்டு, கொஞ்ச நாளாக மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

30 மீட்டரிலிருந்து சுமார் 150 மீட்டர் வரை, மங்கிய வெளிச்சத்தில் வாழும் பவளங்கள் உண்டு. கிடைக்கிற ஒளியை விடாமல் வாங்கத் தட்டுபோல விரிந்து, மெதுவாக வளரும். பவளத்துக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்குப் பெருமளவு உணவு தருகிறது. சூடு கூடினால் பாசி வெளியேறும், பவளம் வெளுக்கும். கீழே தண்ணீர் குளிர்ச்சி, ஆகவே அது புகலிடம் என்று ஆய்வாளர்கள் நம்பியது உண்மைதான். சில இனங்களுக்கு அது பொருந்தவும் செய்கிறது. ஆனால் 2018இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, மேலே வாழும் உயிர்களும் கீழே வாழும் உயிர்களும் பெரும்பாலும் வேறு வேறு என்று காட்டியது. கீழே இருப்பவர் மேலே வந்து குடும்பம் நடத்த மாட்டார்.

இதையும் கேளுங்கள். 2019 நவம்பரில், நம் இந்தியப் பெருங்கடலில், சாகோஸ் தீவுகளுக்கு அருகே 90 மீட்டர் ஆழத்தில் பவளம் வெளுத்துக் கிடந்ததைப் பார்த்தார்கள். மேலே ஆழமில்லாத இடத்தில் இருந்தவை நன்றாக இருந்தன! அந்த வருடம் கடலின் மேற்குப் பக்கம் வெந்நீர் அடுக்கு தடித்து, குளிர்நீர் தொடங்கும் எல்லையைக் கீழே தள்ளிவிட்டது. மேலே மட்டும் முக்குளித்துப் பார்த்தவர் எல்லாம் நலம் என்று சொல்லிக் கரையேறியிருப்பார். கண்ணுக்குத் தெரியாத இடத்தைப் பத்திரமான இடம் என்று யார் சொன்னாலும் எனக்குப் பயமாக இருக்கிறது.

கலங்கல் நீருக்கு வருகிறேன். கலங்கல் வெயிலைத் தடுக்கும், சூடான நாட்களில் அந்த நிழல் உதவும். நீரில் மிதக்கும் இரையைப் பிடித்துத் தின்னும் பவளம் பாசி போனாலும் சில காலம் தாக்குப்பிடிக்கும். சரி, விலை என்ன? மேலே படியும் வண்டலை ஓயாமல் சளி சுரந்து கழுவ வேண்டும், சக்தியெல்லாம் அதிலேயே போகும். சிங்கப்பூரில் கடலைத் தூர்த்து நிலமாக்கியதில் நீர் கலங்கி, மிஞ்சிய பவளம் மேலே சில மீட்டருக்குள் ஒடுங்கிவிட்டது. அதற்குக் கீழே போதிய வெளிச்சம் இல்லை. தாங்கத் தெரிந்த இனங்கள் மட்டும் நின்றன, மற்றவை போயின.

என் மாமா காசிமேட்டில் தூண்டில்காரர். கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை நேர்பிடித்து, கடலுக்கடியில் பார், அதாவது பாறைத்திட்டு, இருக்கும் இடத்தைச் சரியாகச் சொல்வார். ஒருமுறை தூண்டில் முள்ளில் மாட்டி ஒரு கடல்விசிறி வந்துவிட்டது; விசிறிபோல விரியும் பவள இனம் அது. எனக்குக் காட்டக் கொண்டுவந்தவர், “இது இவ்வளவு வளர எத்தனை வருஷம் ஆயிருக்கும், இனிமே மாட்டினா தூண்டில் நரம்பை அறுத்துடுவேன்” என்றார். அவரோடு எண்ணூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆறு மேடாகிவிட்டது, கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்கு வாழ்வே போச்சு என்று பெண்கள் பேசினார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவர், “நீங்கதான் இதுக்கெல்லாம் பழகிட்டீங்களே” என்றார். மாமா எழுந்து, “பழகல சார், வேற போக்கு இல்ல” என்றார்.

தம்பி, நீங்கள் எர்ணாவூர்க்காரர். சாம்பலும் எண்ணெயும் புகையும் ஏன் நம் பக்கமே வந்து சேர்கின்றன? தாங்குகிறார்கள் என்று ஒருமுறை எழுதிவிட்டால் இன்னொரு ஆலை வரும். கலங்கலில் பிழைக்கும் பவளத்தைப் புகழ்ந்துவிட்டு, கலங்கலை அப்படியே விடுவதும் அதே கணக்குதான். அந்தக் கணக்கில் நீங்கள் போய் ஆறுதல் தேடலாமா?

மன்னார் வளைகுடாவைப் பாருங்கள். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்தார்கள்; 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போய்விட்டன. வெட்டுவது நின்ற பிறகு பவளம் தேறியது. 2010இலும் 2016இலும் கடல் சூடாகி மறுபடி அடி வாங்கியது. அடிப்பதை நிறுத்தினால் தேறும் உயிர் அது, அவ்வளவு நல்ல உயிர்.

எண்ணூரில் பவளம் நட முடியுமா என்றால், இப்போது வேண்டாம். அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வாருங்கள், நண்பர்களையும் கூட்டி வாருங்கள். சாம்பலை எப்போது அள்ளுவீர்கள் என்று தேதி கேளுங்கள். எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.